எடை குறைந்த வருஷம்

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது என் வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கும். கண்டக்டர் பின்னால் நின்று விசில் கொடுத்துக்கொண்டிருப்பார். நான் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி வளைப்பேன். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடுகிற தனியார் பஸ்ஸில் டிரைவர் நான். எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வயிறு உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை. நிற்கிற இடத்திலெல்லாம் டீ, வடை. மத்தியானம் பஸ் நிற்கும் ஓட்டலில் டிரைவர், கண்டக்டருக்குத் தனியாக இலை போட்டு, கேட்காமலேயே இரண்டாவது தடவையும் சோற்றைக் கொட்டுவார்கள்.

முதலில் வந்த தொந்தரவு மூத்திரம்தான். பஸ் டிரைவருக்கு அதைப்போல அவஸ்தை வேறு கிடையாது. நாங்கள் அம்பை என்று சொல்கிற அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் போய்விட்டு வந்தால், சேரன்மகாதேவிக்குள் மறுபடியும் முட்டும். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸை வயலோரத்தில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி ஓட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்த்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கடைசியில் மனைவிதான் அம்பையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னை எடை மிஷினில் ஏறி நிற்கச் சொன்னார். முள் ஓடி நின்ற இடத்தைப் பார்த்ததும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுகர் நல்லா ஏறியிருக்கு. மாத்திரை தாரேன். ஆனா எடை குறையாம மாத்திரை மட்டும் ஒண்ணும் செய்யாது. சோத்தக் குறைங்க, தினமும் நடங்க" என்றார் டாக்டர்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்களோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இதே வியாதியில் கால் விரலை எடுத்திருந்தார்கள். விரலில்லாத காலால் பிரேக்கை மிதிக்க விடுவார்களா? பஸ் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதனால் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தைகூட மீறக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மீறவும் இல்லை. ஓட்டலில் இலை போடும்போது கையை நீட்டித் தடுத்தேன். முதல் நாள் பரிமாறுகிறவர் சிரித்தார். ஒரு வாரம் கழிந்ததும், "என்ன வே, எங்க சாப்பாட்டுல ஏதும் கொறையா?" என்று மனத்தாங்கலோடு கேட்டார். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோனேன். அவித்த பயறு, முருங்கைக்கீரை, காணம் என்கிற கொள்ளுத் துவையல், கை அளவுக்குச் சோறு. சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்குள் அது இருக்கும். டீக்கு சீனி கிடையாது. வடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்டக்டர் கல்லிடைக்குறிச்சிக்காரர், என்னைவிட வயது குறைவு. எனக்கு முன்னால் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடக் கூச்சப்பட்டு, அவர் வேறு கடைக்குப் போய் நின்று சாப்பிட்டுவிட்டு வருவார்.

காலையில் முதல் டிரிப்புக்கு முன் நடந்தேன். எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில், மில் தொழிலாளிகள் குடியிருக்கும் தெருவில். அங்கிருந்து பாபநாசம் ரோட்டில் ஆற்றுப் பக்கமாகப் போய்த் திரும்புவேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் முதலில் சில நாட்கள் நின்று, "பஸ் எங்க அண்ணாச்சி, நடந்து போறிய?" என்று கேட்டார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. தொடக்கத்தில் முழங்கால் வலி உயிர் போகும். மூச்சு வாங்கும். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எடை குறைந்தது. பைய பையக் குறைந்து, பிறகு வேகமாகக் குறைந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். காக்கிச் சட்டை தோளிலிருந்து வழிந்தது. ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடைவெளி வந்தது.

ஆனால் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிற சுகர் மட்டும் இறங்கவே இல்லை. விரலில் குத்திப் பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றை மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். அவள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி காலேஜில் படிக்கிறாள். தினமும் எழுந்ததும் குத்திப் பார்ப்பேன். இரவு இரண்டு சப்பாத்தியோடு படுத்திருப்பேன். காலையில் நூற்று அறுபது, நூற்று எழுபது என்று காட்டும்.

மனைவி என்னைச் சந்தேகப்பட்டாள்.

"நேத்து ராத்திரி என் கையாலதான சாப்பாடு போட்டேன். பொறவு எப்படி ஏறுது? பாபநாசத்துல எந்தக் கடையில வாய வச்சிய? உண்மையச் சொல்லுங்க."

"ஏட்டி, சத்தியமா ஒண்ணும் திங்கல."

"திங்காம எப்படிங்க ஏறும்?"

"எனக்கு என்ன தெரியும்? மிஷின் கோளாறா இருக்கும்."

அவள் தன் விரலில் குத்திப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகக் காட்டியது. மிஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் என்னை நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அன்று இரவு சப்பாத்தியையும் ஒன்றாகக் குறைத்தேன். பசியில் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் சுகர் இன்னும் கூடியிருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவன், ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நீங்க திங்கணும்னு இல்ல. விடியக்காலையில ஈரலே சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும். நிறையப் பேருக்கு இப்படி இருக்கு" என்று டாக்டர் மனைவியிடம் விளக்கினார். பிறகு இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார். "இதைப் போட்டா இறங்கும். சாப்பாட்டு நேரத்த மட்டும் தவற விட்டுராதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். எனக்கு அதனால் ஆறுதல் வரவில்லை. கடையில் தின்றிருந்தால் தின்பதை நிறுத்திவிடலாம். உடம்புக்குள்ளேயே சர்க்கரை சுரந்தால் நான் போய் எதை நிறுத்துவது?

புது மாத்திரை வேலை செய்தது. சுகர் இறங்கியது. அதைப் பார்த்த உற்சாகத்தில் மாலையிலும் நடந்தேன். எடை மேலும் குறைந்தது. இப்போது ஊர் கேட்க ஆரம்பித்தது. "என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலியா? இப்படி ஒடுங்கிட்டிய" என்று ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா, கட்டி கிட்டி ஏதாவது இருக்கப் போகிறது என்று கேட்டாராம். குண்டாக இருந்தபோது யாரும் என்னை நோயாளி என்று சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சில நாட்கள் கை லேசாக நடுங்கும். பசி என்று நினைத்துக்கொள்வேன். பாக்ஸைத் திறந்து சாப்பிட்டால் சரியாகிவிடும். குறைவாகச் சாப்பிடுகிறவனுக்குப் பசிக்கத்தானே செய்யும்.

அந்த நாள் வழக்கம்போலத்தான் தொடங்கியது. கேப்பைக் கூழ் குடித்து, மாத்திரை போட்டு, முதல் டிரிப் முடித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பத்தமடையில் ரோட்டுக்கு நடுவில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. வெயில் கொளுத்தியது. பஸ்ஸுக்குள் குழந்தைகள் அழுதன. "அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டுருங்க" என்றார் கண்டக்டர். பாக்ஸை எடுத்து மூடியைத் திறந்தேன். அதே நேரம் போலீஸ்காரர் எங்கள் பக்கத்து வண்டிகளை விடச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மூடியைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஏற்கெனவே தாமதம். எங்களுக்குப் பின்னால் வரவேண்டிய பஸ் முன்னால் போய்விட்டது. அம்பையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் வியர்த்தது. எல்லோருக்கும்தான் வியர்த்தது. வீரவநல்லூரில் ஆட்களை ஏற்றியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மீதியைக் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஒரு நிறுத்தத்தில் கைகாட்டி நின்றவர்களைத் தாண்டிப் போய்விட்டேனாம். இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். விசில் கேட்டது. விசில் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. அது எங்கோ யாரோ ஊதுவதுபோல இருந்தது. ரோடு இரண்டாகத் தெரிந்தது. எதில் போவது என்று யோசித்தேன். பஸ் வலது பக்கம் ஏறி மறுபடியும் இடது பக்கம் வந்தது. எதிரே வந்த ஆட்டோ மண்ணில் இறங்கித் தப்பித்தது. கண்டக்டர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "அண்ணாச்சி, ஓரமாப் போடுங்க, ஓரமாப் போடுங்க" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு என் கால் பிரேக்கை மிதித்தது. அது நான் மிதித்ததுதானா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. முன் சக்கரம் வாய்க்கால் கரையில் இறங்கி பஸ் சாய்ந்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பயந்தவர்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும். ஒருவர் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"ஏலே, பட்டப்பகல்ல குடிச்சிட்டா பஸ் ஓட்டுத?"

"கண்ணப் பாரு, எப்படிச் சொருகுதுன்னு. எத்தனை பிள்ளைய இருக்கு வண்டியில!" என்று ஒரு பெண் அலறினாள்.

எனக்கு இருக்கிற வியாதியை ஒரே ஒரு வார்த்தையில் சொல்ல முயன்றேன். சீனி. வாய்க்குள் அது இருந்தது. நாக்கு புரளவில்லை. "சி... சி..." என்று குழறினேன். அது அவர்களுக்குக் குடிகாரன் உளறுவதுபோலத்தான் கேட்டிருக்கும். எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை. அதைச் சொல்லவும் என்னிடம் வார்த்தை இல்லை. சுற்றிலும் செல்போன்கள் நீண்டிருந்தன.

கண்டக்டருக்கு என்ன தோன்றியதோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி, ஒரு பிள்ளையின் கையிலிருந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "குடிக்கல, அவருக்கு சுகர் வே! தள்ளி நில்லுங்க!" என்று கத்தியபடி என் வாயில் ஊற்றினார். பாதி சட்டையில் வழிந்தது. எனக்குத் தெளிந்து முதலில் காதில் விழுந்தது அந்தப் பிள்ளை பாட்டிலைக் கேட்டு அழுதது.

போலீஸ் வந்தது. மிஷினை நீட்டி ஊதச் சொன்னார்கள். ஊத எனக்குத் தெம்பில்லை. "நல்லா ஊதுலே, ஏமாத்துதியா?" என்றார் ஒரு போலீஸ்காரர். மூன்றாவது தடவை எப்படியோ ஊதினேன். மிஷின் ஒன்றும் காட்டவில்லை. அவர் முகம் மாறியது. "சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குள் பயணிகள் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். மிஷின் ஒன்றும் காட்டாததைப் பார்த்தது நாங்களும் போலீஸும் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது, ஜூஸ் குடித்த பிறகும் சுகர் அறுபதுக்குக் கீழேதான் இருந்தது. சாப்பிடாமல் இருந்ததில் மாத்திரை சுகரை ஒரேயடியாக இறக்கிவிட்டது என்றார்கள்.

மாலையில் மகள் போன் செய்தாள்.

"ப்பா, அந்த வீடியோவுல இருக்கது நீங்களாப்பா?"

"எந்த வீடியோம்மா?"

அவள் அழுதாள். பிறகு மனைவியின் போனுக்கு அனுப்பினாள். அரை நிமிஷம்கூட இல்லாத வீடியோ. என்னை ஒருவர் இழுக்கிறார், நான் உளறுகிறேன், மடங்கி விழுகிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. ஜூஸ் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கீழே, குடிபோதையில் பஸ் ஓட்டிய டிரைவர் என்று எழுதியிருந்தது. மகள் தன் காலேஜ் குரூப்பில், அது என் அப்பா, அவருக்கு சுகர் என்று எழுதினாளாம். அதற்குக் கீழே யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்களாம். இன்னொருத்தி, சரக்கிலும் சுகர் உண்டு என்று எழுதினாளாம். இதை மகள் என்னிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லி, மனைவி இரண்டு நாள் மறைத்து வைத்திருந்து, தாங்க முடியாமல் சொன்னாள்.

டாக்டரிடம் போனோம். எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு குறைஞ்சிருக்கே! எடை குறையக் குறைய மாத்திரையும் குறைக்கணும். ஏன் முன்னாலயே வரல?"

"நீங்க மூணு மாசம் கழிச்சுதானம்மா வரச் சொன்னிய. இன்னும் ஆகல."

அவர் பழைய சீட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். "இவ்வளவு வேகமாக் குறைப்பீங்கன்னு நான் நினைக்கல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னபடி செய்பவர்களை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார். ரிப்போர்ட்டைப் பார்த்து, உண்மையிலேயே மகிழ்ச்சியாக, "ரொம்ப நல்லா கண்ட்ரோல் ஆயிருக்கு. இப்ப போடுற மாத்திரையால அப்படி இறங்காது. தைரியமா வண்டி ஓட்டலாம்" என்றார்.

முதலாளி நல்ல மனுஷர். என்னை அனுப்பிவிடவில்லை. "நீரு குடிக்க மாட்டீருன்னு எனக்குத் தெரியும் வே. ஆனா ஜனங்க வீடியோவ இன்னும் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காவ. கொஞ்ச நாள் அம்பை ஸ்டாண்டுல உக்காரும். டயம் பாரும்" என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். எங்கள் கம்பெனி பஸ்கள் வந்து போகிற நேரத்தைப் பார்ப்பது என் வேலை. நான் ஓட்டிய பஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வருவார். கண்டக்டர் இறங்கி வந்து, "சாப்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் இரண்டு பையன்கள் என்னைப் பார்த்து, போனைப் பார்த்து, மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சித்திரை பிறந்ததும் முதலாளி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். டிரைவர் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார், நாளையிலிருந்து நீரே ஓட்டும் என்றார். மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானமே ஷெட்டிலிருந்து காலி பஸ்ஸை டீசல் போட எடுத்துக்கொண்டு போனேன். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். புறப்படும் முன் விரலில் குத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பாலத்தில் ஏறும்போது நெற்றியில் வியர்த்தது. சித்திரை வெயிலில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் வியர்க்காமல் என்ன செய்யும்? அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். ஆனால் அன்றைக்கும் அப்படித்தானே சொல்லிக்கொண்டேன். கையைப் பார்த்தேன். நடுங்குகிறதா, ஸ்டீயரிங் அதிர்வா? எதிரே வருகிற பைக் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான். ஒன்று என்று என் கண் சொல்வதை நான் நம்பலாமா? காலி பஸ்ஸாக இல்லாமல் ஆட்கள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன அண்ணாச்சி, செய்யுதா?" என்று பதறினார் கண்டக்டர்.

"தெரியல."

அவரே மிஷினை எடுத்துக் குத்திப் பார்த்தார். நூற்றுப் பத்து. "நல்லாத்தான் இருக்கு. எடுங்க அண்ணாச்சி" என்றார். என்னால் எடுக்க முடியவில்லை. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஷெட்டிலிருந்து வேறு ஆள் வந்து பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனான். நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன்.

முதலாளியிடம், முடியாது என்று நானே சொன்னேன். "டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாவல்லா?" என்றார்.

"அவிய சொல்லிட்டாவ, மொதலாளி. எனக்குத்தான் என் உடம்பு என்ன சொல்லுதுன்னு தெரியல."



இப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கிறேன். எடை கூடவில்லை. சுகர் கட்டுக்குள் இருக்கிறது. போன தடவை போனபோது டாக்டர் என்னை அங்கே காத்திருந்த மற்றவர்களுக்குக் காட்டி, "இவரப் பாருங்க, எப்படிக் குறைச்சிருக்கார்" என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "டாக்டரு என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காம்."

அவள் தட்டில் அளவாகச் சோறு வைத்தாள். சாப்பிட்டேன். மறுநாள் காலையில் எழுந்து நடக்கப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.